மாமல்லபுரத்துக்கு மேலே மூன்று சுற்று

பேருந்தில் மாமல்லபுரம் போகிற வழியை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது 1500 அடி உயரத்தில் போகிற வழி. 2004 பிப்ரவரியில், மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது, முதன்முதலாகப் பக்கத்து இருக்கையில் ஆளில்லாமல் போய்வந்த பயணம் இது. பைலட் உரிமத்துக்குப் படிக்கிறவர்களுக்கு உதவலாம்.

எனக்கு ஓட்டுவதில் பயமில்லை. பேசுவதில்தான். சென்னைக்குப் பெரிய விமானங்கள் வந்துகொண்டே இருக்கும்; கட்டுப்பாட்டு அறை சொல்லாமல் நாம் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது. அவர்கள் சொன்னதை நாம் ரேடியோவில் அப்படியே திருப்பிச் சொன்னால்தான் அது கணக்கில் சேரும். எல்லாம் ஆங்கிலத்தில். செங்கல்பட்டில் தமிழ் மீடியம் படித்த எனக்கோ மைக்கை அமுக்கியதும் ஆங்கிலமே மறந்துபோகும். "இன்னொரு தபா உனக்குப் பதிலா நான் பேசுற மாதிரி வச்சுக்காத. அப்புறம் தனியா அனுப்பவே மாட்டேன்" என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எனவே தினமும் வீட்டுக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பேருந்தில் ஒத்திகை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கைமுஷ்டியை வாயருகே வைத்து, நான் யார், எங்கே இருக்கிறேன், எந்த உயரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் முணுமுணுப்பேன். (உயரம் நாலடி!) மீன்கூடையோடு பக்கத்தில் இருந்த அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இன்னாம்மா, யாராண்ட பேசிகினு கீற?"

"ஏரோப்ளேன் டவராண்டக்கா."

"அவங்க இன்னா சொல்றாங்கோ?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலக்கா."

பறக்கிற நாளும் வந்தது. எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே அணுபுரத்தில். அணுமின் நிலையம் இருப்பதால் அந்தப் பக்கம் பறக்கத் தடை. அதனால் என்னைப் பார்க்க அப்பா ஸ்கூட்டரில் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

காலை 9.10-க்குக் கிளம்பினேன். கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் கீழே கூடவே வந்தன. செங்கல்பட்டு ஏரி தெரிந்ததும் கடலை நோக்கித் திரும்பினேன். கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டபோதுதான் காதில் குரல் வந்தது. பெரிய விமானங்கள் இறங்குகின்றன, மறு உத்தரவு வரும்வரை மாமல்லபுரத்தின் மேல் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருங்கள், 1500 அடியை விட்டு மாற வேண்டாம்.

"ஓகே சார்" என்றேன்.

திருப்பிச் சொல்லுங்கள் என்றது குரல்.

என் விமானத்தின் எண்ணே மறந்துபோனது. இன்றோடு தனியாகப் பறப்பது முடிந்தது என்றே நினைத்தேன். கீழே ஈ.சி.ஆரில் ஒரு பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. மீன்கூடை அக்கா பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இடம், உயரம், இடப்பக்கச் சுற்று, என் எண் என்று நிதானமாகச் சொல்லி முடித்தேன்.

சரி என்றது குரல். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று முறை சுற்றினேன். கடற்கரைக் கோயில், படகுகள், மறுபடி கோயில். கரையில் மனிதர்கள் கடுகளவு; அப்பா யாரென்று தெரியவில்லை. திரும்பி வர அனுமதி கிடைத்ததும் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். 10.25-க்குத் தரையிறங்கினேன்.

போகிறவர்களுக்கு: பிப்ரவரிக் காலை நல்லது, வெயில் ஏறினால் விமானம் குலுங்கும். காத்திருக்கச் சொன்னால் பதறாதீர்கள். ஒரு மணி நேரத்துக்காவது கூடுதல் எரிபொருள் வைத்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பேருந்தில் ஒத்திகை பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். முக்கியமாக, கீழே யாராவது உங்களுக்காகக் காத்திருந்தால், மேலே எதற்காகச் சுற்றுவீர்கள் என்பதை முன்பே விளக்கிவிடுங்கள்.

நான் விளக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"எனக்கோசரம் மூணு ரவுண்டு வந்த பாரு! பீச்சுல இருந்தவங்க அல்லாராண்டயும் எம் பொண்ணுன்னு சொல்லிட்டேன்."

"உனக்கோசரம் இல்லப்பா. டவர்லதான் சுத்தச் சொன்னாங்க."

அப்பா விடவில்லை.

"சொன்னது அவங்களாவே இருக்கட்டும். சுத்துனது நீதானே?"