கடைசி அத்தியாயச் சண்டை

நானும் என் சிநேகிதியும் புனேயில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர்கள். நூறு வருடங்களுக்கு முன் எழுதிய ஒரு பிரிட்டிஷ் நாவலாசிரியையைப் பற்றி இருவரும் சேர்ந்து விமர்சன நூல் ஒன்று எழுதினோம். கடைசி அத்தியாயம் மட்டும் முடியவில்லை. அதற்கு எடுத்துக்கொண்ட நாவலில் வீட்டை விட்டுப் போன மனைவி முடிவில் கணவனிடம் திரும்பி வருகிறாள். மன்னித்துவிட்டாள் என்பது என் கட்சி. இல்லவே இல்லை என்பாள் அவள். கேன்டீனில் சாய் ஆறிப்போகும்வரை சண்டை போடுவோம், எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் தமிழ் காய்கறி, காய்ச்சலைத் தாண்டிப் போனதில்லை.

அவளும் ஒரு சமயம், கணவர் கை நீட்டினார் என்று கிளம்பி வந்தவள்தான். ஒரு மழைக்காலம் முழுக்க என் வீட்டில் இருந்தாள். பிறகு திரும்பிப் போனாள். சரியாகிவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் ஓரளவு தேறியது. ஆங்கிலமும் மராத்தியும் போனது போனதுதான். சிறு வயதில் பேசிய திருநெல்வேலித் தமிழ் மட்டும் மிச்சம். கோந்த்வாவில் அவள் வீட்டுக்கு வாராவாரம் போவேன். அப்படிப் பேசியவள் வார்த்தைக்குத் திணறுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஒருநாள் வேண்டுமென்றே சீண்டினேன். நாவலில் வரும் மனைவி மன்னித்துவிட்டாள் என்றுதான் எழுதப்போகிறேன் என்றேன்.

"அவ எங்கட்டி மன்னிச்சா? போக்கிடம் இல்லாமதானட்டி வந்தா."

இதையே ஆங்கிலத்தில் பெரிய பெரிய வார்த்தைகளில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். நானும் ஒவ்வொரு தரமும் ஆதாரம் கேட்டிருக்கிறேன். இப்போது என் வாயில் வந்தது வேறு.

"என் வீடு இருந்துச்சே" என்றேன்.

"உன் வீட்டுல நான் எத்தன நாளைக்குட்டி கெடக்க முடியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அத்தியாயத்தை எப்படி முடிப்பது என்று தெரிந்துவிட்டது, எழுதத்தான் மனம் வரவில்லை.

அதற்குள் கணவர் கஞ்சி கொண்டுவந்தார். இப்போது அவர்தான் அவளுக்கு ஊட்டுகிறார், பொறுமையாக, சிந்தாமல். அவர் ஸ்பூனை நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள்.