புஷ்பத்தின் நேர்க்கோடு

ஊசியில் நூல் கோர்க்கிற அந்தக் கணம் மட்டும்தான் புஷ்பத்தின் வாய் சும்மா இருக்கும். நூல் நுனி உதட்டில் இருக்கும்போது எப்படித் திட்டுவது? கோர்த்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார்: "வெளிச்சம் போகுது, இன்னும் கதயளந்துக்கிட்டு இருக்கீங்களே. தைங்கடி."

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர்த் தோட்டம். காலையில் புஷ்பத்துக்கு மரங்களைச் சீவிப் பால்வெட்டும் வேலை. பிற்பகலில், பூட்டிக் கிடந்த பிள்ளைக் காம்பராவை, தோட்டத்தின் பழைய குழந்தைக் காப்பகத்தை, திறந்து லய வீட்டுப் பெண்களோடு பாயில் உட்கார்ந்துவிடுகிறார். பழைய சேலைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோடித் தைத்துப் பிள்ளைகளுக்குப் போர்வை செய்வது இங்கே எல்லோருக்கும் கைவந்த வேலை. வரக்காப்பொலயில் கடை வைத்திருக்கும் பஹ்மா அதே தையலுக்குக் கைப்பை, லெப்டொப் உறை என்று வடிவம் வரைந்து கொடுக்கிறார். அவிசாவளையிலிருந்து நூற்கண்டு வாங்கிப் போய்க் கொடுப்பவன் நான். அதனால் எனக்கும் திட்டு உண்டு.

புஷ்பத்தின் தீராத தலைவலி ஷாமிளா. கொழுந்தனின் மனைவி, அடுத்த வீடு. குழாயடிச் சண்டை இருவருக்கும் ஓய்ந்ததே இல்லை. ஷாமிளாவின் தையல் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சறுக்கிவிடும். றப்பர் மரத்தில் பட்டையைச் சீவுகிற அதே சாய்வு. மரத்தில் பழகிய கை துணியிலும் அப்படித்தான் இறங்குகிறது.

"கீழ ஒரு செரட்டயக் கட்டி விடு, பால் வடியட்டும்" என்பார் புஷ்பம். காம்பராவே சிரிக்கும்.

"நேராத்தாங்க்கா போறேன். பாதியில கை எறங்கிருது" என்று ஷாமிளாவும் சிரித்துக்கொண்டே தையலைப் பிரிப்பார்.

போன வாரம் பஹ்மா வந்தார். கொழும்பிலிருந்து பெரிய ஓடர் ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் எல்லோரையும் சேர்க்க முடியாது என்றார். "கொற நெனச்சிக்க வாணாம். கோடு சாஞ்சி ஈந்தா திருப்பி அனுப்புறாங்க. ஆளுக்கொரு பை தச்சி வைங்க. உள்ளுக்கு உங்கட பேர் போட்ட துணித்துண்ட தச்சிருங்க. வியாழக்கெழம வந்து பாத்துட்டு ஆள் எடுக்கிறன்."

தன் பெயர் கொழும்புக்குப் போகிறது என்பதில் புஷ்பத்துக்குக் கொள்ளைப் பெருமை. ஷாமிளாவின் கவலை வேறு. தோட்டத்தில் வேலை நாள் குறைந்துவிட்டது. இதுவும் இல்லையென்றால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். பாஸ்போட் எடுத்தாயிற்று. மகள் இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள்.

"போகட்டுமே, எனக்கென்ன? கொழாயடி நிம்மதியா இருக்கும்" என்றார் புஷ்பம். எனக்குக் கோபம் வந்தது.

புதன்கிழமை மாலை நான் நூற்கண்டோடு போனபோது மற்றப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். ஷாமிளா தைத்த பை பாயில் கிடந்தது. எத்தனையோ தடவை பிரித்துத் தைத்தும் கோடுகள் வலப்பக்கம் இறங்கித்தான் இருந்தன. பக்கத்தில் புஷ்பத்தின் பை, அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல.

"ஷாமிளா எங்கே?"

"அழுதுட்டுப் போறா. பிஸ்ஸு பிடிச்சவ, சரியான பைத்தியக்காரி" என்றார் புஷ்பம். "ஓடர் மட்டும் கெடைக்கட்டும், அவ கையத் திருத்தாம விடுறேனா பாருங்க."

இரண்டு பைகளையும் மடியில் வைத்துப் பெயர்த் துண்டுகளைப் பிரித்தெடுத்தார். நேரான பையின் உள்ளே ஷாமிளாவின் பெயரைத் தைத்து முடித்தார். பிறகு சாய்ந்த பையைத் திருப்பி, தன் பெயரை அதன் மேல் வைத்து, கோணாமல் விரலால் நீவிவிட்டு, ஊசியைக் குத்தினார்.