அப்பாவின் இடது கால்

என் அப்பா சீனிச்சாமி இருபத்திரண்டு வருடம் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பு ஓட்டியவர். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் பதினான்கு பேர், அவர்களின் தூக்குச்சட்டிகள், சண்டைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவார். கடைசியில் இடுப்பு கெட்டது. இனி ஜீப்பைத் தொட்டால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஏலக்காய் வியாபாரி முத்துப்பாண்டி சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி அப்பாவை டிரைவராக வைத்துக்கொண்டார். அந்தக் காருக்கு இன்ஜினோடு உள்ளுக்குள்ளே கிளட்ச் இரண்டு. மிதிக்கத்தான் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும். அப்பாவின் இடது காலுக்கு இது தெரியவில்லை. முதல் நாளே கிளட்ச்சைத் தேடி பிரேக்கை ஓங்கி மிதித்தது. முதலாளி குடித்துக்கொண்டிருந்த இளநீர் சட்டையெல்லாம் ஓடியது. அன்று மதியம் அப்பா தூங்கும்போது அந்தக் காலில் பேனாவால் ‘சும்மா இரு’ என்று எழுதிவிட்டேன்.

நம்பர் பிளேட் வந்ததும் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை. முதலாளியின் நண்பர்கள் செல்போனோடு நின்றார்கள்.

“சீனிண்ணே, இங்கனயே லாஞ்ச் கன்ட்ரோல் போடுங்க. வீடியோ எடுக்குறோம்.”

இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வலது காலால் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து, பிரேக்கை விட்டால் வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாயும். அதுதான் லாஞ்ச் கன்ட்ரோல். வண்டியின் புத்தகத்தை நான்தான் எழுத்துக் கூட்டி அப்பாவுக்கு மூன்று முறை வாசித்திருந்தேன்.

“தம்பி, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் கெடக்கு. சுத்தி சனம் நிக்கிது.”

“அதான்ணே கெத்து! முடியலன்னா எறங்குங்க. நாளைக்கு வேற ஆளு வருவான்” என்றார் முதலாளி.

இறங்கினால் மறுபடி ஜீப்புதான். அப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போனது.

“மொதல்ல பழத்த நசுக்கிருவோம். சாமி காரியம்” என்று வண்டியை மெல்ல உருட்டினார்.

பழம் வைத்தவள் நான். பின்சக்கரத்துப் பழத்தை மட்டும் ஓரமாக வைத்திருந்தேன். அப்படி வைத்தால் நசுங்காது, தெறிக்கும். பள்ளிக்கூடம் இதைச் சொல்லித் தரவில்லை, ஜீப்பு ஸ்டாண்டு தந்தது. குறி, என்னை “ஏ பாப்பா, தள்ளி நில்லு” என்று விரட்டிய கூலிங்கிளாஸ்காரர். பழம் சொன்ன பேச்சைக் கேட்டது.

“ஆத்தே, முட்டி!” என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா கண்ணாடியை இறக்கினார். “நத்தையா உருண்டதுக்கே இது. பாய்ஞ்சிருந்தா சக்கரம் சாறுல வழுக்கி, வண்டி யாரு மேல ஏறியிருக்குமோ?”

முத்துப்பாண்டி டயரில் வழிந்த சாற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்ப எங்கதான் போடலாம்ணே?”

சிலமலை கிராமம் தாண்டி, பிளாட் போட்டு விற்காமல் கிடந்த முதலாளியின் நிலத்துக்குப் போனோம். உள்ளே நேரான தார் ரோடு, காய்ந்து கிடந்தது. அப்பா கேட்டைப் பூட்டச் சொன்னார். ரோடு முழுக்க நடந்து, ஒரு கல்லையும் இரண்டு ஆடுகளையும் அப்புறப்படுத்தினார். எங்களைச் சுவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். ஸ்டியரிங்கை நேராக்கினார். செருப்பைக் கழற்றிய இடது கால் பிரேக்கில் ஏறியது.

வண்டி உறுமியது. அசையவில்லை. காலை எடுத்தார்.

ரோட்டின் அந்தக் கடைசியில் ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரிந்தது. திரும்பி வந்தபோது முதலாளிக்கு முடி நட்டுக்கொண்டு நின்றது.

“இன்னொருவாட்டிண்ணே!”

“கிளட்ச்சு சூடு ஆறட்டும் தம்பி. வளைவு ஏறுனா ஜீப்பே மூச்சு வாங்கும், இது வாங்காதா?”

முத்துப்பாண்டி சிரித்துவிட்டார். “நாளைக்கு எட்டு மணிக்கு வெரசா வந்துருங்கண்ணே.”

வீட்டில் அப்பா காலை நீட்டினார். “பழத்த ஓரமா வெச்சது யாரு பொன்னுமணி?”

“சாமியா இருக்கும்ப்பா.”

“சாமி கையில சூடு போடணும். அன்னிக்கு இந்தக் கால்ல எழுதுனதும் அந்தச் சாமிதான?”

தேங்காயெண்ணெய் கொண்டுவந்து எழுத்து இருந்த இடத்தைத் தேய்த்தேன். மை எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.