அவளுக்காகச் சொல்லும் ஜெபம்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் வேலை இல்லாத நாளில் ஞானமேரி பழைய கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். ஊர் ஏற்றிவிட்டுப் போன மெழுகுவர்த்திகள் மகளின் கல்லறைமேல் உருகிப் படிந்திருக்கும். குந்தி உட்கார்ந்து சுரண்டுவாள். சிலுவையில் கட்டியிருக்கும் மஞ்சள் கயிறுகளையும் அறுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள்.

மகள் சிஸ்டர் ஜெனிஷா, சித்தேரி மலையில் கன்னியர் நடத்தும் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவள். ரத்தப் புற்றுநோய் வந்து, முப்பது முடியுமுன்னே போய்விட்டாள். முடி கொட்டிய தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, படுத்தபடியே மலைப் பெண்களுக்கு மாத்திரை சொல்லி அனுப்புவாள். வலிக்குதா என்று கேட்டவர்களிடம், இயேசுவுக்கு இதைவிட வலித்தது, அவருக்கு யாரும் ஊசிகூடப் போடவில்லை என்று சிரிப்பாள். அவளிடம் வேண்டிக்கொண்டு காய்ச்சல் விட்டது, பிள்ளை தங்கியது என்று பிறகு ஊர் பேசத் தொடங்கியது. சில வருஷம் கழித்து மறைமாவட்டம் அவளைப் புனிதையாக்கும் முயற்சியைக் கையில் எடுத்தது. ரோமாபுரி தீர்ப்புச் சொல்லும்முன் யாரும் அவளைப் புனிதை என்று வணங்கக் கூடாது, வணங்கினால் முயற்சியே கெட்டுவிடும் என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். ஊர் கேட்கவில்லை. ஞானமேரி கத்தியை எடுத்தாள். மகள் புனிதையாக வேண்டுமே என்றுதான் சுரண்டுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கயிறு கட்டுகிறவர்களில் முதல் ஆள், மண்டியில் அவளோடு தக்காளி தரம் பிரிக்கும் பாஞ்சாலி. "உம் மவ சாமி ஆயிட்டா. சாமியப் பெத்த ஆத்தா நீ, இன்னும் அழுவுன தக்காளியப் பொறுக்கிக்கிட்டுக் கெடக்கற," என்பாள். ஞானமேரி சிரித்துவிட்டு அடுத்த பெட்டியை இழுப்பாள்.

அந்த முயற்சிக்காகச் சாட்சியம் வாங்க மறைமாவட்டத்திலிருந்து ஃபாதர் இனிகோ வந்தார். பங்குச் சாமியார் வீட்டு முன்னறையில் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கடைசியில் கேட்டார். அவள் கை இன்னும் பைபிள்மேல்தான் இருந்தது.

"கடைசி மாசத்துல அவளுக்கு ஜெபம் வரலைங்க சாமி. வாயத் தொறந்தா வெறுங்காத்துதான் வருதும்மான்னா. அவளுக்காக நான் ஜெபம் சொன்னேன், அவ கேட்டுக்கிட்டுக் கெடந்தா. நான் போனப்புறமும் எனக்காகச் சொல்றத நிறுத்திடாதம்மான்னு கையப் புடிச்சுக்கிட்டா."

இதனால் முயற்சிக்குக் கேடு ஒன்றும் இல்லை, இப்படி வறண்டுபோய்த் தவித்த புனிதர்கள் நிறைய உண்டு என்று சொல்லியபடி ஃபாதர் எழுதிக்கொண்டார். அவள் கேட்க வந்தது அதுவல்ல. அன்றாடம் விளக்கு வைத்ததும் 'நித்திய இளைப்பாற்றியை அவளுக்கு அளித்தருளும் ஆண்டவரே' என்று இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொன்ன பிறகுதான் அவள் சோற்றில் கை வைப்பது.

"அவ புனிதை ஆனப்புறமும் அந்த ஜெபத்த நான் சொல்லலாங்களா?"

ஃபாதர் பேனாவை மூடினார். மோட்சத்தில் இருப்பவர்களுக்காக நாம் வேண்டுவதில்லை, அவர்கள்தான் நமக்காக வேண்டுவார்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னார். "அப்புறம் நீங்க அவங்ககிட்டதாம்மா வேண்டிக்கணும்."

"அவ என்னையத்தானுங்களே கேட்டா."

ஜன்னலுக்கு வெளியே பாஞ்சாலி, கையில் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு, மருமகளைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"அவங்க புனிதை ஆகறது உங்களுக்குப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டார். குரலில் குற்றம் சாட்டும் தோரணை இல்லை.

ஞானமேரி நாற்காலிக்கடியில் வைத்திருந்த பையை எடுத்து, கத்தி உள்ளே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். "எல்லாரும் அவகிட்டயே கேட்டா, அவளுக்காக யாருங்க சொல்லுவா?" என்றபடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாஞ்சாலி போன பக்கமே நடந்தாள்.