பலகையில் எழுதும் பெயர்

கனடாவின் மொன்றியலில், வில்லரே பகுதியில் ஒரு டிராவல் ஏஜென்சி. வெளியே பனி கொட்டுகிறது. விடுமுறைக்குக் கியூபா போகிறேன். அங்கே விமான நிலையத்திலிருந்து கடற்கரை ஹோட்டலுக்கு மூன்று மணி நேர ஓட்டம். அதற்குத் தனிக் கார் பதிகிறேன். மேசைக்குப் பின்னால் இருப்பவர் யாழ்ப்பாணத்துத் தம்பி.

"எத்தனை பேர் அக்கா?"

"நான் மட்டும்."

"அப்ப ஹோட்டல் பஸ்ஸிலயே போகலாமே?"

"அதில எல்லாரும் சோடி சோடியா இருப்பினம். வேண்டாம் தம்பி."

அவர் கணினியில் தட்டுகிறார்.

"டிரைவர் பேர்ப் பலகையோட நிப்பார். பாஸ்போட்டில இருக்கிற குடும்பப் பேரைத்தான் எழுதுவினம்."

"ஓம், எழுதட்டும்."

என் பாஸ்போட்டில் குடும்பப் பெயராக இருப்பது, போன வருடம் இறந்த என் கணவரின் பெயர். என்னை ஏற்ற அவர் எந்த விமான நிலையத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. இந்த முறை அவர் பெயராவது எனக்கு முன்பே வந்து காத்து நிற்கும்.