நெட்டை மாஸ்டரும் மேல் தட்டும்

நெட்டை மாஸ்டர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. இத்தனைக்கும் அவர் பேக்கரியின் பின்கட்டில் அடுப்போடு அடுப்பாக வேலை செய்கிற மனிதர். முன்பக்கம் வந்து கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று சிரிக்கிற வழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. ஆனால் அந்த உயரத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது? பின்கட்டு வாசலில் குனிந்துதான் நுழைவார். குனிய மறந்த நாளில் நெற்றியில் மாவோடு ஒரு வீக்கமும் இருக்கும். "நிலைப்படி இன்னிக்கும் அடிச்சிருச்சா மாஸ்டர்?" என்று கேட்காவிட்டால் முதலாளிக்குப் பொழுது விடியாது.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு இரும்புத் தட்டு. சூடான ரொட்டியை ட்ரேயோடு தூக்கி அதில் வைத்து ஆறவிடுவார். ஆறாத ரொட்டியில் கத்தி வைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் வேறு யார் கைக்கும் எட்டாத உயரத்தில் அடிக்கச் சொல்லியிருந்தார். பல வருஷம் அது அவருடைய தனி ராஜ்யமாக இருந்தது. ஒருநாள் அவருக்கே எட்டவில்லை. நுனிக்காலில் எம்பிப் பார்த்தார். ட்ரே விளிம்பில் இடித்து இரண்டு ரொட்டி கீழே விழுந்தது.

மாஸ்டருக்கு வந்ததே கோபம். "வெள்ளையடிக்கிறப்ப கழட்டினீங்கல்ல, அப்ப மேல தூக்கி அடிச்சுட்டாங்க. அளவு தெரியாதவன் கையில சுத்தியலக் கொடுத்தா இப்படித்தான்" என்று குதித்தார். முதலாளி அண்ணாந்து பார்த்தார். அவருக்கு அந்தத் தட்டு என்றைக்கும் எட்டியதில்லை. ஏறியதா இறங்கியதா என்று அவர் என்னத்தைக் கண்டார்! மாஸ்டரோடு வாதாட முடியாமல் வெல்டரைக் கூப்பிட்டு விட்டார். வெல்டர் பழைய துளைகளைக் காட்டி, "தட்டு அதே இடத்துலதான் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தான். மாஸ்டர் காதில் வாங்கவில்லை. நான்கு விரற்கடை இறக்கி அடித்த பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார்.

நிலைப்படி தன்னை அடிப்பதையும் நிறுத்தி வெகுநாளாயிற்று என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. வயதானால் நிதானம் வரும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

அவருடைய உடம்பில் அவர் கவனித்தது நெஞ்சு ஒன்றைத்தான். இளவயதிலிருந்து சுவாசித்த மைதா தூசி உள்ளே போய்க் குடியேறிவிட்டது. இழுப்பு வந்தால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. மருந்துக் கடையில் ஒரு குட்டி வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். போட்ட மறுநாளே ஆள் புதுசாகிவிடுவார். அது ஸ்டீராய்டு என்றோ, வருஷக் கணக்கில் தின்றால் எலும்பை உள்ளிருந்தே அரிக்கும் என்றோ அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலைக்குப் போயே ஆக வேண்டும், இழுப்போடு உட்கார்ந்திருக்க நேரமில்லை. வீட்டில் மனைவி இருந்தாள்.

அவள் பஸ் கண்டக்டராக இருந்தவள். "உள்ள போ, படியில நிக்காத, உன் வீட்டுப் படின்னு நினைப்பா?" என்று ஊரையே அதட்டிய வாய். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. வாயை மட்டும் தொடவில்லை. "அது கிட்ட வந்து பார்த்திருக்கும், பயந்துபோய்த் திரும்பியிருக்கும்" என்பார் மாஸ்டர். அவளும் சிரிப்பாள்.

காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, மத்தியானம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. அவளைத் தூக்குவது அவருடைய வேலை. அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மகள் ஒரு தடவை ஆள் வைக்கலாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். குனிந்து அவள் அக்குளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுப்பார். அவள் வலது கையை அவர் கழுத்தில் போடுவாள். நெஞ்சோடு அணைத்து அப்படியே நிமிர்வார். அவள் கால்கள் தரையை விட்டுக் கிளம்பியதும், "போலாம் ரைட்!" என்று குரல் கொடுப்பாள். இறக்க வேண்டிய இடம் வந்ததும் "ஹோல்டான்!" இடையில் நாலைந்து எட்டுதான். அந்த நாலைந்து எட்டுக்காகத்தான் அவர் அத்தனை மாத்திரையும் தின்றார்.

முதுகு வலி வந்தபோது மாவு மூட்டையின் மேல் பழி போட்டார். தைலம் தேய்த்தார். வலி போகவில்லை என்றதும் மகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எலும்பு அடர்த்தியைப் பார்க்கிற சோதனை எடுத்தார்கள். எலும்பு ரொம்ப மெலிந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்து கொடுத்து, அந்தக் குட்டி மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க ஏற்பாடு செய்தார். எலும்புக்கு இரண்டு மாத்திரை. ஒன்று தினமும் சாப்பிட்ட பிறகு போடுகிற கால்சியம். இன்னொன்று வாரத்துக்கு ஒன்று. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி நேரம் எதுவும் தின்னாமல், படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதை அவர் இரண்டு தடவை சொன்னார். மாஸ்டர் இரண்டு தடவை தலையாட்டினார்.

அடுப்புக்காரனுக்குக் காலை என்பது எது? ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் அவர் பாதி வேலையை முடித்திருப்பார். அதற்குள் பதம் பார்த்த பன், ஓரம் வெந்த ரொட்டி, இரண்டு டீ என்று வயிறு ஒரு நிமிஷமும் காலியாக இருக்காது. ஊருக்குக் காலை வந்தால் அவர் வீட்டுக்கு வந்து மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணயர்வார். அந்த மாத்திரையை அப்போதுதான் போட்டார். காலைதானே! ஒரே தடவையாக முடியட்டும் என்று கால்சியத்தையும் சேர்த்து வாயில் போட்டு, ஒரு டம்ளர் பாலும் குடித்துவிட்டுப் படுத்தார். செய்யக் கூடாதது அத்தனையையும் வரிசையாகச் செய்தார் என்று சொன்னால் மிகையில்லை.

நெஞ்சு எரிந்தது. அடுத்த வாரமும் எரிந்தது. அடுப்புச் சூட்டை ஆயுள் முழுக்கத் தாங்கிய மனிதருக்கு இது தாங்கவில்லை. வாரத்து மாத்திரையை நிறுத்திவிட்டார். மகள் கேட்டால், "அதெல்லாம் ஒழுங்கா நடக்குது" என்பார். அதற்கு ஈடாகக் கால்சியத்தை இரட்டிப்பாக்கினார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பிசைந்த மாவு தளர்ந்து போனால் என்ன செய்வோம்? இன்னொரு கை மாவு போடுவோம். எலும்பு தளர்ந்தால் கால்சியம். எலும்பே கால்சியம்தானே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியுமே! பெரிய வெள்ளை மாத்திரை, பார்ப்பதற்கே எலும்பு மாதிரி இருந்தது. வயிறு கட்டிக்கொண்டது. அதையும் பொறுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் மகள் ஒருநாள் அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தவள், இடது கால் கட்டைவிரலில் காய்ந்த புண் ஒன்றைப் பார்த்தாள்.

"இது என்னம்மா?"

"செருப்பு கடிச்சிருச்சு."

"நடக்காத கால எந்த ஊருச் செருப்பும்மா கடிக்கும்?"

"வாய் மட்டும் என்னை மாதிரியே வளர்த்து வச்சிருக்க. மருந்தப் போட்டுட்டுப் போ" என்றாள் அம்மா. பேச்சு அதோடு போயிற்று.

ஒரு மத்தியானம், நாற்காலியிலிருந்து அவளைத் தூக்கி நிமிர்ந்தபோது மாஸ்டரின் முதுகில் ஏதோ முறிந்தது. சத்தம் அவருக்கு உள்ளேயே கேட்டது. கண் இருட்டியது. கையை மட்டும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் வரைக்கும் போய், அவளோடு சேர்ந்தே சரிந்து விழுந்தார். அவள் மெத்தையில் கிடந்தாள், ஒரு கீறலும் இல்லை. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பஸ்ஸின் பின்படிக்குக் கேட்கிற அந்தக் குரலை எடுத்து அவள் கத்தினாள். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டரம்மா காட்டினார். முதுகெலும்பு அடுக்கில் ஒன்று நசுங்கியிருந்தது. "இது இப்ப உடைஞ்சது. இது பழசு. இதுவும் பழசு. அப்ப வந்ததை மூட்டை தூக்குற வலின்னு நினைச்சுட்டீங்க போல."

பக்கத்தில் நின்ற மகளுக்கு முகம் வெளுத்தது. "வாரத்து மாத்திரை போடுறீங்களா ஐயா?" என்று டாக்டரம்மா கேட்டபோது மாஸ்டர் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"எரிச்சலா இருந்துச்சு. நிறுத்திட்டேன். ஆனா கால்சியத்த ஒரு நாள் கூட விடல டாக்டரம்மா. ரெண்டா போட்டேன்."

"அப்பா!" என்றாள் மகள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். "கால்சியம் வேணும்தான். உடம்புல அது குறைஞ்சா மத்த மருந்தும் சரியா வேலை செய்யாது. ஆனா உங்களுக்கு எலும்பு கரையுறது மருந்தாலதான் நிக்கும், வெறும் கால்சியத்தால நிக்காது. அதிகமாப் போட்டா எலும்புல போய் ஒட்டிக்காது, சிறுநீரகத்துல கல்லாத்தான் சேரும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டீங்கல்ல, அப்ப வாரத்து மாத்திரைய உடம்பு எடுத்துக்கவே கால்சியம் விட்டிருக்காது."

மாஸ்டருக்கு அது மாவுக் கணக்கில்தான் விளங்கியது. "அப்ப நான் மாவு மூட்டைய மட்டும் இறக்கிக்கிட்டே இருந்திருக்கேன். பிசைய ஆளே வரல."

"அப்படித்தான் வச்சுக்கோங்க. வருஷத்துக்கு ஒரு தடவை நரம்புல ஏத்துற மருந்து இருக்கு. ரத்தத்தைப் பார்த்துட்டு அதக் குடுக்கலாம். எரிச்சல் தொல்லை இல்ல. இனிமே உடையாம பாதுகாக்க முயற்சி பண்ணலாம். ஆனா நசுங்கினது திரும்ப நிமிராது."

வலி சற்றுத் தணிந்து எழுந்து நின்ற அன்று, சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார்கள். "உங்க உயரம் எவ்வளவு?" என்று கேட்டபோது பெருமையாகச் சொன்னார். நர்ஸ் அளவுகோலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி அளந்தாள். குறைந்த அளவை விரலால் பிடித்துக் காட்டினாள். நான்கு விரற்கடை.

வெல்டர் காட்டிய பழைய துளைகள் அப்போதுதான் மாஸ்டரின் நினைவுக்கு வந்தன. அவன் அன்றைக்கே சொன்னான், இவர்தான் கேட்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் வலி என்று நினைத்துக்கொண்டு, பிடித்து உட்கார வைத்தாள்.

"இனிமே எதையும் தூக்கக் கூடாது. யாரையும்" என்று டாக்டரம்மா சொன்ன அந்தக் கடைசிச் சொல்லை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனார்.

இடுப்புப் பட்டையோடு கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தட்டு மேல ஏறல" என்றார். "நான்தான் இறங்கியிருக்கேன்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முகட்டைப் பார்த்தபடி சொன்னாள். "முன்னெல்லாம் நீங்க தூக்கினா என் ரெண்டு காலும் அந்தரத்துல தொங்கும். ஒரு வருஷமா தரை தட்டுது. வலது கால மடக்கிக்கிட்டேன். இடதுதான் சொன்ன பேச்சு கேக்கல, இழுபட்டுக்கிட்டே வந்துச்சு."

கட்டைவிரல் புண் எதனால் வந்தது என்று அவருக்கு அப்போது விளங்கியது. "சொல்லியிருக்கலாமே. அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே. இவ்வளவு ஆகியிருக்காதே!"

"சொன்னா நீங்க தூக்குறத நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன்." அந்த வாய் முதல் தடவையாகத் தடுமாறியது. "நாள் பூராவும் இந்தக் கூரையப் பார்த்துக்கிட்டுக் கிடக்கேன். நீங்க கட்டிப் பிடிச்சுத் தூக்குற அந்த நேரம்தான் எனக்கு. அத விட மனசு வரல. அதுக்கு உங்க முதுக விலையா குடுத்துட்டேன்."

அவருக்கு அவள்மேல் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. "நானும்தான் மாத்திரை விஷயத்துல பொய் சொன்னேன்" என்றார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மகள் உள்ளே வரப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில், ஆஸ்பத்திரியில் தனக்குப் பழக்கிக்கொடுத்த பலகையை மகள் கொண்டுவந்தாள். வழவழப்பான நீளப் பலகை. ஒரு முனை கட்டிலில், மறுமுனை நாற்காலியில். அதில் உட்காரவைத்து, மெல்ல நகர்த்த வேண்டும்.

"அடுப்புலேர்ந்து ரொட்டி எடுக்குற பலகை மாதிரியே இருக்கு. கடைசில என்னையும் ரொட்டியாக்கிட்டீங்க" என்றாள் அம்மா. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மகள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எல்லாம் தயார். ஆனால் அம்மாவிடமிருந்து அந்தக் குரல் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தரையில் பதிந்திருந்த தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் வந்து நின்றார். குனியக் கூட முடியாமல், பட்டைக்குள் விறைத்து நின்றுகொண்டு, அவரே சொன்னார்.

"போலாம் ரைட்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு வலது கையை ஊன்றி நகர்ந்தாள்.