டாக்டர் இல்லை என்று எழுதி வாங்கிய நோட்டு

சுளுக்கு எடுக்கிற வேலையில் கை எத்தனை வருஷம் பழகினாலும், வாசலில் ஆபீசர் ஜீப் வந்து நின்றால் அந்தக் கைதான் முதலில் எண்ணெய்ப் பாட்டிலை ஒளிக்கப் போகும். சர்டிபிகேட் இல்லாமல் அடுத்தவர் வலியைத் தொடுகிற என் கூட்டாளிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் எட்டாவது வரைதான் படித்தேன். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் பதினாறு வருஷம் ஆயாவாக இருந்தேன். அங்கே பார்த்துப் பழகியதுதான் எல்லாம். ஆஸ்பத்திரியை மூடின பிறகு, அங்கே வந்துகொண்டிருந்தவர்கள் என் வீட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மருந்து கொடுக்க மாட்டேன், ஊசி தெரியாது. ஜெபம் பண்ணிவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு நீவி விடுவேன்.

போர்டு

பக்கத்து ஊரில் போலி டாக்டர் ஒருவரைப் பிடித்த செய்தி டிவியில் வந்தது. அன்றைக்கே ஓசூரிலிருந்து மகன் போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் ஆராதனை முடிந்து வரும் நேரம் பார்த்துத்தான் அவன் பேசுவது. அன்று செவ்வாய். மருமகள் உண்டாகியிருக்கிறாளோ என்று ஆசையாக எடுத்தேன். வாசல் போர்டைக் கழற்றச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

'சுளுக்கு, பிடிப்பு பார்க்கப்படும்' என்று எங்க வீட்டுக்காரவிய உயிரோடு இருந்தபோது பச்சைப் பெயிண்டில் எழுதினது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இந்த வேலையையும் விட்டுவிட்டால் பகல் முழுக்க இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது என்று அவனைக் கேட்டேன். "டிவி இருக்குல்லம்மா" என்றான்.

அடையாள அட்டை

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். எப்போதோ ஒரு நாட்டு வைத்தியர் சங்கத்தில் சேர்ந்து வாங்கிய அடையாள அட்டையை, போட்டோவும் சீலுமாக, பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போட்டோ மட்டும் நன்றாக இருக்கிறது என்று கையில் கொடுத்துவிட்டார்.

என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றச் சட்டம் ஏதும் உண்டா என்று கேட்டேன். வெளிநாட்டில் சில இடங்களில், 'நான் டாக்டர் இல்லை' என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிட்டால் வேலை செய்ய விடுகிற சட்டம் இருக்கிறதாம். இங்கே அப்படி எதுவும் கிடையாதாம். ஆனாலும் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். 'இவர் டாக்டர் இல்லை என்று தெரிந்தே வந்தேன்' என்று வருகிறவர்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது என்னைக் காப்பாற்றுமா என்றேன். "கேஸை நிறுத்தாதும்மா. நீங்க யாரையும் ஏமாத்தலைன்னு சொல்ல ஒரு சாட்சி, அம்புட்டுதான்" என்றார்.

வாசித்தவர்

நோட்டுப் போட்ட வாரமே, நாலு பேர் எழுதிப் போன பிறகு, ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் கழுத்துப் பிடிப்போடு வந்தார். தலையைத் திருப்ப முடியாததால் நோட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இரண்டு தடவை வாசித்தார். எழுதவில்லை. மூடி வைத்துவிட்டு, உடம்போடு சேர்ந்து திரும்பி என்னைப் பார்த்தார். "டாக்டர் இல்லைன்னு நீங்களே எழுதி வாங்குனா, நான் எதை நம்பித் தலையைக் குடுக்க?"

முத்துமாரி

அவர் எழுந்து போன பிறகு ஒன்பது நாள் பால்காரரைத் தவிர யாரும் வாசல் மிதிக்கவில்லை. பத்தாம் நாள் முத்துமாரி வந்தாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை, தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. மேசையில் இருக்கிற நோட்டில் எழுது என்று சொல்லிவிட்டு எண்ணெய் சுட வைக்க உள்ளே போனேன்.

மேசையில் நோட்டுக்குப் பக்கத்தில் பைபிள் இருந்தது. கோயிலில் ஜெபக் குறிப்பு எழுதுகிற நோட்டு மாதிரி என்று அவள் நினைத்துவிட்டாள். புதுப் பக்கம் திருப்பி, 'என் வீட்டுக்காரர் குடியை விட வேண்டும்' என்று எழுதிப் பேரும் போட்டிருக்கிறாள். நானும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்து வந்தவர்களோ மேல் வரியைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். மகளுக்கு வரன், போர்வெல்லில் தண்ணீர், துபாய் விசா. ஒரு நாள் புரட்டிப் பார்த்தபோது, நான் டாக்டர் இல்லை என்கிற விஷயம் நாலாவது ஆளோடு நின்றுபோயிருந்தது.

கிழிக்க மனசு வரவில்லை. சாயங்காலம் டிவியைப் போடாமல், ஒவ்வொரு பேராக வாசித்து ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. மறுபடி வந்தபோது முத்துமாரியிடம் கேட்டேன், மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள் நீ, என்னிடம் ஏன் எழுதினாய் என்று. "எந்தச் சாமின்னா என்னக்கா, எனக்காகக் கேக்க ஒரு ஆளு வேணும்ல."

தேவதானத்துக்காரர்

தேவதானத்திலிருந்து புருஷனும் பெண்சாதியும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தவருக்கு மணிக்கட்டு வீங்கி, கை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் தொடவே இல்லை. நான் டாக்டர் இல்லை, இது எலும்பு சமாச்சாரம், பெரியாஸ்பத்திரிக்குப் போய் முதலில் எக்ஸ்ரே படம் எடுங்கள் என்றேன். அவருக்கு வலியோடு கோபமும் சேர்ந்துகொண்டது. அவர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா மேசையில் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினார்கள். ஆட்டோவில் ஏறும்போதும் அவர் விடவில்லை. "தொடக்கூட மாட்டேன்னா, என்னத்துக்கு ஊரெல்லாம் உங்க பேரைச் சொல்லுது?"

ஜீப்

கடைசியில் ஜீப் வந்தேவிட்டது. என்மேல் யாரோ மனு போட்டிருந்தார்கள். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மாவும் இரண்டு பேரும் இறங்கினார்கள். அலமாரியைத் திறந்தார்கள், எண்ணெய்ப் பாட்டிலை மோந்து பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த போர்டும் வெளியே வந்தது. நான் நோட்டைக் கொடுத்தேன். பக்கம் புரட்டப் புரட்ட அந்த அம்மாவின் நெற்றி சுருங்கியது. இதெல்லாம் வேண்டுதலாக இருக்கிறதே, இது உங்களுக்கு எப்படி உதவும் என்றார்கள். எனக்கும் அதே பயம்தான்.

பிறகு ஒரு பக்கத்தில் நின்று, சத்தமாக வாசித்தார்கள். 'இந்த அக்கா டாக்டர் இல்லையாம். கையைத் தொடாமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு எலும்பு ஒடியாமல் இருக்க வேண்டும்.' வக்கீல் சொன்ன வாசகம்கூட இவ்வளவு தெளிவாக இல்லை. அந்தப் பக்கத்தை மடித்து அடையாளம் வைத்துக்கொண்டார்கள். மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை யார் மேலும் கை வைக்கக் கூடாது, நோட்டு மனுவோடு போக வேண்டும் என்றார்கள்.

கை வைக்காமல் இருந்துகொள்கிறேன், பேர்களை மட்டும் எழுதிக்கொள்ளட்டுமா, சாயங்கால ஜெபத்துக்கு வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மா என்னையும் காலியாகக் கிடந்த நாற்காலிகளையும் பார்த்துவிட்டு, ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். "மெதுவா எழுதுங்கம்மா, நாங்க இருக்கோம். வேண்டுதலை எல்லாம் நாங்க கொண்டுபோய் என்ன செய்ய?"

பதில் இன்னும் வரவில்லை. புது நோட்டின் முதல் பக்கத்தில் நான் டாக்டர் இல்லை என்று நானே எழுதி வைத்துவிட்டேன், கையும் சும்மாதான் இருக்கிறது, அதனால் வலி இல்லாதவர்களும் வரலாம்.